முடியாத பின்னல்களும் செம்பன் பூனையும்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது ஊர்ப் பழமொழி. புலம்பெயர்ந்து வந்த பிறகு வீட்டுக்கு வீடு அலுமாரிக்கு மேலே ஒரு பையும் இருக்கிறது. குளிர் தொடங்கியதும் ஆசையோடு வாங்கிய கம்பளி நூல், கழுத்து வரை வந்து நின்றுபோன சுவெற்றர், ஒரு காலுக்கு மட்டும் பின்னி முடித்த காலுறை, வெட்டிவைத்துத் தைக்காமல் விட்ட துணித் துண்டுகள் எல்லாம் அந்தப் பைக்குள் கிடக்கும். கோடை வந்ததும் பை மேலே போகும். பனி கொட்டத் தொடங்கியதும் கீழே வரும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பை அல்ல, நான்கு பைகளும் ஒரு காட்போட் பெட்டியும் இருந்தன. போதாததற்கு ஒரு பூனையும் வந்து சேர்ந்தது.

இதை அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் சேர்ந்து எழுதுகிறோம். ஒருத்தி சொல்ல மற்றவள் எழுதுகிறாள். எழுதியதைப் படித்துவிட்டு, "அது அப்படியில்லை" என்று சொன்னவளே திருத்துகிறாள். ஆகவே "நாங்கள்" என்றே எழுதிக்கொண்டு போகிறோம். எங்கள் வீட்டுக் கதைதான் என்றாலும், புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்குப் பிரயோசனமான சில விஷயங்களும் இதற்குள் இருக்கின்றன.

அம்மா ஊசி எடுத்த கதை

எங்கள் அம்மா 2003ஆம் ஆண்டு தை மாதம் ரொறன்ரோவுக்கு வந்தார். சமாதான காலம் என்று பாதை திறந்திருந்த நேரம். ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடி அபார்ட்மென்றில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். அம்மா ஜன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு பனி கொட்டுவதைப் பார்த்தபடி இருப்பார். முற்றம் கூட்டி, கோழிக்குத் தீன் போட்டு, கிணற்றடியில் நாலு பேரோடு கதைத்துப் பழகிய மனுசி. "உங்கட நாட்டில கதவைத் திறந்தா ஒரு ஆள் இல்லை பிள்ளை" என்று சொல்வார். பின்னேரம் நாங்கள் வந்து சேர்ந்தால் அவர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை என்பது குரலிலேயே தெரியும்.

அதே கட்டடத்தில் நியூபவுண்லாந்தைச் சேர்ந்த ஒரு வயோதிப மாது இருந்தார். லோண்டறி அறையில் உடுப்புக் காயும் வரை பின்னிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வரும், பேச வராது. அந்த அம்மையார் பேசுகிற ஆங்கிலமோ எங்களுக்கே பாதிதான் விளங்கும். ஆனால் கையைப் பார்த்துக் கை பழகிவிட்டது. அம்மாவுக்கு நூல் வேலை புதிது அல்ல. யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் கற்பிப்பது பழைய வழக்கம். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலேயே தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா படித்த காலத்தில் ஒற்றைக் கொக்கி ஊசியால் மேசை விரிப்பும் தட்டு விரிப்பும் பின்னுவார்கள். இரண்டு ஊசி வைத்துக் கம்பளி பின்னுவதற்கு யாழ்ப்பாண வெயிலில் என்ன தேவை? அதை இங்கே வந்துதான், அறுபது வயதுக்கு மேல், லோண்டறி அறையில் பழகினார்.

அந்த வருடம் ஆவணி 14ஆம் திகதி பின்னேரம் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் மின்சாரம் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். ஐந்து கோடிப் பேர் அளவில் இருட்டில் இருந்தார்கள். கட்டடம் முழுவதும் பரபரப்பு. எங்கள் அம்மாவுக்கு ஒரு பதற்றமும் இல்லை. 1990களில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெயில் விளக்கு எரித்துச் சீவித்தவர் அவர். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, ஊசியைப் பார்க்காமலே விரலால் தடவித் தடவிப் பின்னிக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுப் பிள்ளைகள் அன்றிரவு அவரைச் சுற்றி இருந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அம்மாவைப் பார்த்து நாங்களும் தொடங்கினோம். தொடங்குவது சுலபம். ஒரு நாளைக்கு இரண்டு வேலை, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், சனிக்கிழமை தமிழ் வகுப்பு, கோயில், சாமத்திய வீடு என்று ஓடுகிறவர்களுக்கு முடிப்பதுதான் கஷ்டம். பைகள் பெருகியதற்கு அதுதான் காரணம்.

புதிதாக நூல் வாங்குகிறவர்களுக்கு இரண்டு சொல். நூல் உருண்டையில் சுற்றியிருக்கும் கடதாசியை எறிந்துவிடாதீர்கள். அதில் ஊசியின் அளவு மில்லிமீற்றரில் இருக்கும். சாயம் போட்ட தொகுதியின் இலக்கமும் இருக்கும். ஒரே நிறம் என்று பார்த்து வாங்கினாலும் தொகுதி வேறானால், பின்னி முடித்தபின் வெளிச்சத்தில் கோடு தெரியும். ஒரு சுவெற்றருக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே இலக்கத்தில் ஒரே தடவையில் வாங்க வேண்டும். பிள்ளைகளின் உடுப்புக்கு அக்ரிலிக் நூல் போதும், மலிவு, இயந்திரத்திலும் தோய்க்கலாம். ஆட்டுக் கம்பளி நனைந்தாலும் சூடு தரும். ஆனால் வெந்நீரில் போட்டுச் சுழற்றினால் சுருங்கிப் பாவைப்பிள்ளைக்கு அளவாகிவிடும்.

செம்பன் வந்து சேர்ந்தான்

2012 ஐப்பசியில் எங்கள் மாடியில் இருந்த ஒரு குடும்பம் வேலை தேடி அல்பேட்டாவுக்குப் போனது. அவர்களுடைய செம்மஞ்சள் நிறப் பூனையைக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டு வந்து எங்கள் கதவடியில் நின்றார்கள். அம்மா ஒரே பிடியாக மறுத்தார். "பூனையெண்டா முற்றத்தோட நிக்கவேணும். வீட்டுக்குள்ள படுக்க விடுறதோ? காலமை வெளிக்கிடேக்கை குறுக்க போனா போற காரியம் சரிவராது" என்றார். "ஒன்பதாம் மாடியில முற்றத்துக்கு எங்கை போறது அம்மம்மா?" என்று பேத்தி கேட்டாள். பூனை அதற்குள் அம்மாவின் நூல் கூடைக்குள் ஏறிச் சுருண்டுவிட்டது. செம்பன் என்ற பெயரும் அன்றைக்கே அம்மா வைத்ததுதான்.

அடுத்த கிழமை கட்டடப் பொறுப்பாளர் வந்து, வாடகை ஒப்பந்தத்தில் மிருகம் வளர்க்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது, அப்புறப்படுத்தாவிட்டால் வீட்டைவிட வேண்டியிருக்கும் என்றார். புதிதாக வந்தவர்கள் இப்படி ஒரு சொல்லைக் கேட்டதும் பயந்துவிடுவார்கள். எங்களுக்கும் நித்திரை வரவில்லை. பிறகு இலவச சட்ட உதவி நிலையத்தில் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் "மிருகம் வளர்க்கக்கூடாது" என்று எழுதப்பட்டிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. பூனை இருப்பதற்காக மட்டும் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பூனைக்கு என்று தனியாக முற்பணம் வாங்கவும் முடியாது.

ஆனால் இதில் சில நுணுக்கங்கள் உண்டு. பூனை சேதம் விளைவித்தாலோ, அயலவருக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தாலோ, வீட்டுச் சொந்தக்காரர் அதற்கான சபையில் முறையிடலாம். கொண்டோ கட்டடங்களுக்குத் தனி விதிகள் இருக்கும், அவை மிருகங்களைத் தடைசெய்யலாம். எம்மவர் பலர் முதலில் வந்து இறங்குவது இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் ஒரு அறையில். வீட்டுச் சொந்தக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே அவர்கள் சொல்வதுதான் சட்டம். ரொறன்ரோ மாநகரில் பூனைக்கும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், விசர்நோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். இவற்றை ஒழுங்காகச் செய்து கடதாசியைக் கையில் வைத்திருந்தால் யாருக்கும் பயப்படத் தேவையில்லை. எங்கள் பொறுப்பாளரும் பிறகு செம்பனைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார்.

நூலும் பூனையும்

பூனை நூல் உருண்டையோடு விளையாடும் படங்களைப் பிள்ளைகளின் புத்தகங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். பார்க்க அழகு. ஆனால் மிருக வைத்தியர்கள் அந்தப் படத்தைக் கண்டால் தலையில் கைவைப்பார்கள். பூனையின் நாக்கில் பின்பக்கம் சரிந்த சிறிய முட்கள் இருக்கின்றன. நூல் நாக்கில் ஒட்டினால் அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூலின் ஒரு நுனி நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டு மற்ற நுனி குடலுக்குள் போனால், குடல் அந்த நூலின் மேல் பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோலச் சுருங்கும். பிறகு நூல் குடலை அறுத்துவிடும்.

2014ஆம் ஆண்டு தை மாதம் இது எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு பிறந்தநாள் வைபவத்துக்கு வந்த பரிசுப் பொதியில் கட்டியிருந்த மினுங்கல் நாடா அது. சனங்கள் நிறைந்த வீட்டில் எப்போது எடுத்தான், எப்போது விழுங்கினான் என்று ஒருவரும் காணவில்லை. அடுத்த நாள் சாப்பிடவில்லை. சத்தி எடுத்தான். கட்டிலுக்கு அடியில் போய் ஒளித்துக்கொண்டான். இரவு பதினொரு மணிக்கு மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். செலவு 2,800 டொலர் வரும் என்று ஒரு கடதாசியில் எழுதித் தந்தார்கள். எங்களுக்கு உள்ள ஓகிப் அட்டை மிருகங்களுக்கு இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த மாதம் எங்களுக்குச் சீட்டு விழுந்திருந்தது. அந்தக் காசுக்கு ஏற்கெனவே நூறு வேலை இருந்தது. வைத்தியசாலை வாங்கிலில் இருந்து நாங்கள் இருவரும் மெதுவாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் எத்தனையோ பேர் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் இருக்க, ஒரு பூனைக்கு இவ்வளவு செலவழிப்பது சரியா என்ற கேள்வி இருவர் மனதிலும் இருந்தது. அது நியாயமான கேள்வி. இன்றைக்கும் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டோம். அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்த அம்மா சொன்னார்: "இது எங்கை கிடக்குது, என்ன நோகுது எண்டாவது எங்களுக்குத் தெரியுது. தெரிஞ்சு கொண்டு விடுறதோ?"

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எங்களுக்கு விளங்கியது. அதன்பிறகு நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. சீட்டுக் காசு போனது. செம்பன் நாலாம் நாள் வயிற்றில் தையலோடு வீடு வந்து சேர்ந்தான். எல்லோருடைய கையிலும் சீட்டுக் காசு இருக்காது. ஆகவே வருமுன் காப்பதற்கு நாங்கள் கைக்கொள்ளும் முறைகளை எழுதுகிறோம்.

பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே கூடாது. உள்ளே குடல் அறுந்துவிடும். உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பின்னல் வேலையை ஒரு நிமிடம் விட்டு எழும்புவதானாலும் பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். இதற்கென்று காசு கொடுத்துப் பை வாங்கத் தேவையில்லை, பாஸ்மதி அரிசி வருகிற சிப் வைத்த பை மிகவும் நல்லது. ஊசி, நூல்கட்டை, குண்டூசி எல்லாம் பிஸ்கட் ரின்னுக்குள். தைக்கத் தொடங்கும்போது எத்தனை குண்டூசி எடுத்தோம் என்று எண்ணிவைத்து, முடியும்போதும் எண்ணுங்கள். குறைந்தால் ஒரு காந்தத்தை நிலத்தில் ஓட்டித் தேடலாம்.

கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருக்க நாம் பழக்கத்தில் பூச்சி உருண்டை போடுவோம். நப்தலின் பூனைக்கு நஞ்சு. பூனை உள்ள வீட்டில் அதைப் போட வேண்டாம். நன்றாகத் தோய்த்து, காயவைத்து, காற்றுப் புகாத பெட்டியில் வைத்தாலே போதும்.

இனி, வேலை செய்யும்போது பூனை மடியில் ஏறாமல் இருக்க என்ன செய்வது? விரட்டிப் பிரயோசனம் இல்லை. ஆட்டுக் கம்பளியின் மணமும் சூடும் அதற்குத் தாயின் வயிற்றை நினைவூட்டுகிறதோ என்னவோ, சில பூனைகள் கம்பளியைக் கண்டால் குட்டி பால் குடிப்பதுபோல முன்னங்கால்களால் பிசையும், உறிஞ்சும். நாங்கள் செய்வது இதுதான். பின்னுவதற்கு முன் பத்து நிமிடம் கடதாசிப் பந்தை உருட்டி அவனை ஓடவிடுவோம். பிறகு சாப்பாடு. வேட்டையாடித் தின்றுவிட்டுப் படுப்பது பூனையின் சுபாவம். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு காட்போட் பெட்டியும் வைத்துவிட்டால் ஒரு மணித்தியாலம் எங்களுக்குக் கிடைக்கும்.

முடிப்பதா, அவிழ்ப்பதா

2019 சித்திரையில் மூத்தவளின் மகளுக்கு வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. புரட்டாதியில் போகவேண்டும். அவளுக்கு என்று மூன்று வருடத்துக்கு முன் தொடங்கிய குவில்ற் இன்னும் பைக்குள் கிடந்தது. அன்றைக்குத்தான் எல்லாப் பைகளையும் கவிழ்த்தோம். வரவேற்பறை நிறைந்துவிட்டது. செம்பன் நடுவில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

மூன்று குவியலாகப் பிரித்தோம். முடிக்கவேண்டியது ஒன்று. அவிழ்க்கவேண்டியது ஒன்று. மூன்றாவது, என்ன செய்வதென்று தெரியாதது. முதல் இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: இதை முடித்தால் உடுத்த ஆள் இருக்கிறதா? ஒரு கைக்குழந்தைக்கு என்று தொடங்கிய போர்வை இருந்தது. அந்தக் குழந்தை ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டான். ஒற்றைக் காலுறைகள் ஐந்து இருந்தன, ஐந்தும் ஐந்து நிறம். இவற்றை எல்லாம் அவிழ்த்தோம். செய்த வேலையை அவிழ்ப்பது வீண் என்று நினைக்க வேண்டாம். நூல் எங்கேயும் போவதில்லை.

அவிழ்த்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே பின்னினால் கோணலாக வரும். கதிரையின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிழியாமல் துவாயில் ஒற்றி எடுத்துத் தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் நூல் நேராகிவிடும். பழைய உடுப்புக் கடைகளில் சில டொலருக்கு விற்கும் சுவெற்றரையும் இப்படி அவிழ்த்து எடுக்கலாம். கையில் காசில்லாத காலத்தில் நல்ல கம்பளி கிடைக்க இதைவிட வழியில்லை. ஆனால் வாங்கும்போது ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். வெட்டித் தைத்ததாக இருந்தால் அவிழ்க்கும்போது துண்டு துண்டாக வரும். பின்னிப் பொருத்தியதாக இருக்க வேண்டும்.

குவில்ற் முழுக்க எங்கள் சேலைகள். அம்மா ஊரில் உடுத்த நூல் சேலைகள், நாங்கள் வந்த புதிதில் பெட்டிக்குள் கொண்டுவந்து குளிரில் உடுத்தவே முடியாமல் போன சேலைகள், சாமத்தியச் சேலையின் தலைப்பு. ஒன்பது சதுரங்களை ஒன்றாகப் பொருத்தினால் ஒரு கட்டம். அப்படி நாற்பத்திரண்டு கட்டம் வேண்டும், இருபத்தொன்பது முடிந்திருந்தது. சேலையில் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் நன்றாகத் தோய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். நூல் சேலை சுலபம். பழைய பட்டு மடிப்பில் கிழியும், அதற்குப் பின்பக்கம் சூட்டில் ஒட்டுகிற மெல்லிய துணியை வைத்து இஸ்திரி போட்டால்தான் தாங்கும்.

பழைய சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது வங்காளத்துப் பெண்களின் பழைய கலை, காந்தா என்பார்கள். சேலைக் கரையில் இருந்தே நூலை உருவி எடுத்துத் தைப்பார்கள். அகதிகளுக்கும் குவில்ற்றுக்கும் இந்த நாட்டிலும் ஒரு தொடர்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் வீடிழந்த பிரித்தானியக் குடும்பங்களுக்குக் கனேடியப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் இலட்சக்கணக்கில் குவில்ற்கள் தைத்து அனுப்பினார்கள். வோட்டர்லூப் பகுதியில் வாழும் மெனனைற் மக்களும் மத நம்பிக்கைக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். தாங்கள் தைத்த குவில்ற்களை நிவாரண விற்பனையில் ஏலம் விட்டு அந்தப் பணத்தை இடம்பெயர்ந்தோருக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். அகதிகளைத் தனியார் பொறுப்பேற்று அழைக்கும் திட்டத்தில் 1979இல் கனடா அரசோடு முதன்முதலில் ஒப்பந்தம் செய்ததும் அவர்களுடைய மெனனைற் மத்திய சபைதான்.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி எங்கள் பகுதிச் சமூக நிலையத்தில் வகுப்பு எடுத்தார். எங்கள் கட்டங்களை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, முழுவதையும் கையால் நுணுக்கமாகத் தைக்கப்போனால் இன்னும் இரண்டு வருடம் எடுக்கும் என்றார். மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழ்த்துணி மூன்றையும் சேர்த்து, நாலு அங்குலத்துக்கு ஒரு இடத்தில் தடித்த நூலால் முடிச்சுப் போட்டால் ஒரு கிழமையில் முடியும், தாங்களும் அகதி முகாம்களுக்கு அனுப்பும் போர்வைகளை அப்படித்தான் செய்வோம் என்று காட்டித் தந்தார். மீதிப் பதின்மூன்று கட்டங்களையும் ஆடி மாதத்துக்குள் தைத்தோம். செம்பனுக்குப் பிழையாக வந்த ஒரு கட்டத்தைத் தனியாக விரித்துக் கொடுத்தோம், பெரியதில் ஏறாமல் அதில் படுத்தான். ஆவணிக் கடைசியில் மகள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அம்மம்மாவின் நீலக்கரைச் சேலைக் கட்டம் தலைப்பக்கம் வரவேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள்.

மூன்றாவது குவியல்

மூன்றாவது குவியலில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. தம்பியின் சுவெற்றர்.

2008 மார்கழியில் அம்மா அதைத் தொடங்கினார். தம்பி அப்போது வன்னியில் இருந்தான். எப்படியாவது வெளியே வந்துவிடுவான், வந்தால் இந்தக் குளிருக்கு உடுப்பு வேண்டும் என்பது அம்மாவின் நினைப்பு. கரும்பச்சை ஆட்டுக் கம்பளி. 2009 சித்திரையில் யூனிவேர்சிற்றி அவெனியூவில் சனங்கள் இரவு பகலாக நின்றபோது அம்மாவும் வந்து மடிக்கதிரையில் இருந்து பின்னினார். பின்பக்கம் முடிந்து, முன்பக்கம் முடிந்து, ஒரு கை முடிந்தது. இரண்டாவது கை முழங்கை வரை வந்தபோது வைகாசி வந்தது. அதன்பிறகு தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினோம். கேட்கக்கூடிய இடமெல்லாம் கேட்டோம்.

அம்மா அதை முடிக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. ஊசி செருகியபடியே பெட்டிக்குள் வைத்தார். 2017 மாசியில் கிளிநொச்சியில் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருந்து போராடத் தொடங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று பெட்டியைத் திறந்து பார்த்தார். திரும்ப மூடிவைத்தார். அந்தப் பெட்டியை நாங்கள் தொடுவதில்லை. செம்பன் மட்டும் அதன்மேல் படுப்பான். மூடி இளகியிருந்த நாட்களில் உள்ளேயும் படுப்பான். நூலை ஒருநாளும் இழுத்ததில்லை. வேறு எங்கே என்றாலும் விரட்டும் அம்மா அங்கே விரட்டுவதில்லை.

அன்று பைகளைக் கவிழ்த்தபோது, "உடுத்த ஆள் இருக்கிறதா?" என்ற கேள்வியை இதற்குக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அம்மாதான் பெட்டியைத் தன்பக்கம் இழுத்தார். பச்சைக் கம்பளி முழுவதும் செம்மஞ்சள் மயிர். ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு, "உந்த வெள்ளைப் பருத்தி நூலைத் தா பிள்ளை" என்றார். ஊசியில் நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக அந்த நூலில் கோத்து இறக்கினார். கடைசிக் கண்ணியும் இறங்கியதும் இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டினார். பத்து வருடமாக அதில் நின்ற நாலரை மில்லிமீற்றர் ஊசி கையில் வந்தது.

பின்னல் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஊசியை வெறுமனே உருவினால் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி முழுவதும் அவிழ்ந்துவிடும். நூலில் கோத்துக் கட்டினால் எத்தனை வருடம் கிடந்தாலும் ஒரு கண்ணியும் விழாது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஊசியில் ஏற்றி, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். வேலை முடியவில்லை, ஆனால் அழியவும் இல்லை. ஊசி மட்டும் வேறு வேலைக்கு விடுபடுகிறது.

சுவெற்றரை அம்மா மடித்துப் பெட்டியில் வைத்தார். பக்கத்தில் மீதியாகக் கிடந்த நாலு பச்சை உருண்டைகளையும் வெளியே எடுத்தார். "ஒண்டு காணும், அந்தக் கைக்கு. மற்ற மூண்டிலையும் தொப்பி பின்னலாம். புதுசா வந்த பிள்ளையள் காது மூடாமல் பஸ்ஸுக்கு நிக்குதுகள்" என்றார். அந்தக் குளிர்காலம் மூன்று பச்சைத் தொப்பிகள் எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்குப் போயின. அவிழ்த்த நூலில் இன்னும் பல பின்னினோம். பெட்டி இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. செம்பன் கிழப்பூனையாகிவிட்டான், பாய்ந்து ஏற முடியாது. அம்மா தூக்கி வைப்பார்.

இப்போது வந்திருப்பவர்களுக்கு

வழக்கு எப்போது முடியும், கடிதம் எப்போது வரும் என்று மதில்மேல் பூனைபோல இருக்கும் காலம் எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் முடிக்க முடியாத விஷயங்கள்தான் நம்மைச் சுற்றி அதிகம். அவை நம் கையில் இல்லை. கையில் உள்ள ஒன்றையாவது தொடங்கி முடிப்பது மனதுக்கு நல்லது. ஆகவே முதலில் சுவெற்றரோ குவில்ற்றோ தொடங்க வேண்டாம். ஒரு தொப்பியில் தொடங்குங்கள்.

பாடசாலை போகும் பிள்ளைக்கு நடுத்தர மொத்தமான நூல் 100 கிராம் ஒரு உருண்டை போதும், நாலரை அல்லது ஐந்து மில்லிமீற்றர் ஊசி. எண்பது கண்ணி ஏற்றி, இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு மறு கண்ணி என்று மாறி மாறி ஐந்து சென்ரிமீற்றர் பின்னுங்கள். காதை இறுகப் பிடிப்பது அந்தப் பகுதிதான். அதற்குமேல் ஒரு வரி நேர், ஒரு வரி மறு. மொத்தம் பதினெட்டு சென்ரிமீற்றர் வந்ததும், நேர் வரிகளில் இரண்டு இரண்டு கண்ணியாகச் சேர்த்துக் குறைத்துக்கொண்டு போய், மிஞ்சிய கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இழுத்துக் கட்டி, பக்கத்தைத் தைத்துவிட்டால் சரி. நாலு இரவில் முடியும். முதல் வரி ஏற்றுவது மட்டும் எழுதி விளங்காது, யாராவது கையால் காட்ட வேண்டும். நூலகக் கிளைகளிலும் சமூக நிலையங்களிலும் பின்னல் வட்டங்கள் நடப்பதுண்டு. பாஷை தெரியாவிட்டாலும் போய் இருங்கள், கையைப் பார்த்துப் பழகலாம். அங்கேயும் இடம் கிடைக்காவிட்டால் உங்கள் கட்டடத்து லோண்டறி அறையில் யார் ஊசியோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள்.